பழைய பாட்டை இன்னொருத்தர் பாடுனா மார்க் போடுறது எப்படி: கூடல்நகர் மொட்டை மாடி முறை

மதுரைல கன்ட்ரி ராக், அதாவது அமெரிக்க கிராமத்துப் பாட்டும் ராக்கும் கலந்த இசை, கேக்குற ஆளுங்க ரொம்பக் கம்மி, அதுனால கேக்குறவிங்க ஒருத்தர ஒருத்தர் தேடிப்பிடிச்சு சேந்துக்கிருவோம். நாங்க ஆறு பேரு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூடல்நகர் ஸ்டேஷன் பக்கம் ஒரு மொட்டை மாடில பாய விரிச்சு உக்காந்து, ஒரு பழைய பாட்ட நமக்குப் புடிச்ச ஆர்ட்டிஸ்ட் திரும்பப் பாடுன வெர்ஷன எடுத்து பத்துக்கு எத்தனைன்னு மார்க் போடுவோம். ஆரம்பத்துல எல்லாமே சண்டைலதான் முடிஞ்சது, ஏன்னா "நல்லாருக்கு", "நல்லால்ல", இத விட்டா யாருக்கும் வேற எதுவும் சொல்லத் தெரியல. இப்ப ஒரு முறை கைவந்துருச்சு. உங்க ஊர்லயும் நாலு பேர் இருந்தா இப்படி செஞ்சு பாருங்க. உதாரணத்துக்கு நாங்க ரொம்ப நாள் மல்லுக்கட்டுன ஒரு பாட்டையே எடுத்துக்கிறேன், அமெரிக்கப் பாடகர் மைக்கேல் நெஸ்மித் பாடுன 'பியாண்ட் த ப்ளூ ஹொரைசன்'.

மொத வேலை, ஒரிஜினல தேடி முழுசா கேக்குறது. இத விட்டுட்டு மார்க் போட்டா அது அந்த ஆர்ட்டிஸ்டுக்குப் போடுற மார்க், பாட்டுக்குப் போடுற மார்க் இல்ல. இந்தப் பாட்டு 1930ல வந்த 'மான்டே கார்லோ'ங்கிற படத்துல வருது, எர்ன்ஸ்ட் லூபிட்ச் டைரக்ட் பண்ணது. மியூசிக் ரிச்சர்ட் வைட்டிங், ஃப்ராங்க் ஹார்லிங் ரெண்டு பேரும், வரி லியோ ராபின். ஜெனட் மெக்டொனால்ட் ஓடுற ரயில்ல ஜன்னலோரமா நின்னு பாடுவாங்க, ரயில் சக்கரம் தடதடன்னு போறதே பாட்டுக்குத் தாளம் ஆயிரும், வயல்ல வேல செய்றவிங்க கையாட்டிக்கிட்டே கூடச் சேந்து பாடுவாங்க. அதுக்கு முந்தின வருஷம் அக்டோபர்லதான் அமெரிக்காவுல பங்குச் சந்தை விழுந்துச்சு, அந்த நேரத்துல தொடுவானத்துக்கு அந்தப் பக்கம் நல்ல நாள் காத்துக்கிட்டு இருக்குன்னு ஒருத்தி பாடுறா, அத மனசுல வச்சுக்கிட்டு கேட்டாத்தான் அந்தக் குரல்ல இருக்குற தெம்பு புரியும். நாங்க இத மொத தடவ போட்டப்ப கீழ ஒரு கூட்ஸ் வண்டி போச்சு. எங்க குழுவுல நாதஸ்வரம் வாசிக்கிற மாமா ஒருத்தர் இருக்காரு, அவரு ஒண்ணுமே சொல்லல, தொடைல விரலால தட்ட ஆரம்பிச்சாரு, பாட்டு முடிஞ்சு அந்த வண்டியோட கடைசிப் பெட்டி தாண்டுற வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தாரு. "இதுல தாளம்தான் பாட்டுப்பா, மெட்டு அதுமேல ஏறி உக்காந்துருக்கு"ன்னாரு. அன்னைக்கு நெஸ்மித் வெர்ஷன்ல எதத் தேடணும்னு எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு.

ரெண்டாவது, யார் எந்த வெர்ஷன மொதல்ல கேட்டாங்கன்னு மார்க் போடுற சீட்டுல மேலயே எழுதிரணும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா பாதிச் சண்ட இங்கதான் இருக்கு. எங்க குழுவுல மெஸ் வச்சிருக்கிற அண்ணே 'ரெய்ன் மேன்' படத்துல வந்த லூ கிறிஸ்டியோட 1974 வெர்ஷனதான் மொதல்ல கேட்டவரு, அவருக்கு அதுதான் ஒரிஜினல், மத்ததெல்லாம் நகல். மொதல்ல காதுல விழுந்தது மேல எல்லாருக்கும் பாசம் இருக்கத்தான் செய்யும், அது தப்பில்ல, எழுதி வச்சுட்டா பேசும்போது "அண்ணே நீங்க அதுலருந்து பாக்குறீங்க"ன்னு மரியாதையா சொல்லலாம்.

மூணாவது, பாடுனவர் எந்த நேரத்துல பாடுனாருன்னு பாருங்க. நெஸ்மித் 1966ல 'தி மங்கீஸ்' டிவி சீரியல் மூலமா ஊரெல்லாம் தெரிஞ்ச முகம், 1970ல அதே பேர்ல இருந்த பேண்ட விட்டு வெளிய வந்து 'ஃபர்ஸ்ட் நேஷனல் பேண்ட்'னு தனியா ஆரம்பிச்சாரு, அவிங்க மொத ஆல்பம் 'மேக்னெடிக் சவுத்'ல கடைசிப் பாட்டு இது. அப்ப அவருக்கு வயசு 27, பாட்டுக்கு 40. பேரு புகழ விட்டுட்டுக் கிளம்புன பையன், ஊரவிட்டுக் கிளம்புற பாட்டக் கொண்டுபோய் ஆல்பத்தோட கடைசில வைக்கிறான்னா அது சும்மா வச்ச மாதிரி எனக்குத் தோணல. அதே ஆல்பத்துல இருக்குற 'ஜோவான்'தான் பில்போர்டுங்கிற அமெரிக்க ஹிட் பாட்டு வரிசைல 21வது இடம் வரைக்கும் போச்சு, எல்லாரும் அதத்தான் பேசுவாங்க, எனக்கு இந்தக் கடைசிப் பாட்டுதான் அந்த ஆல்பத்தோட உசுரு.

நாலாவது ஸ்பீக்கர். இதுல நான் பட்டுட்டேன், அதுனால அழுத்திச் சொல்றேன். மொத தடவ நான் இத போன் ஸ்பீக்கர்லயே கேட்டுட்டு 4 போட்டேன், பேஸ் சத்தமும் இல்ல, பெடல் ஸ்டீல்ங்கிற கிட்டார் எங்கயோ கொசு கத்துற மாதிரி கேட்டுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ராத்திரி நல்ல ஹெட்போன்ல கேட்டா அது வேற பாட்டு. நாலு மார்க்க அழிச்சு 8 ஆக்குனேன். போன் ஸ்பீக்கர்ல கேட்டவிங்க சீட்டு இப்ப எங்க மாடில செல்லாது.

பெடல் ஸ்டீல் பத்தி கொஞ்சம் நின்னு பேசியே ஆகணும், கன்ட்ரி ராக்ல பாதி மார்க் அங்கதான் விழுது. பாக்குறதுக்கு மேஜ மாதிரி இருக்கும், பெரும்பாலும் பத்துக் கம்பி, இடது கைல ஒரு இரும்பு உருளைய வச்சு கம்பி மேல தேச்சுக்கிட்டே போவாங்க, வலது கை விரல் மீட்டும், அதோட கால்ல பெடலும் முட்டில ஒரு நெம்புகோலும் இருக்கும், மிதிச்சா குறிப்பிட்ட கம்பியோட சுருதி மட்டும் ஏறும் எறங்கும். நெஸ்மித்தோட பேண்ட்ல இத வாசிச்சது ரெட் ரோட்ஸ். நம்ம கோட்டு வாத்தியம் கேட்டிருந்தீங்கன்னா இந்தச் சத்தம் உங்களுக்கு அந்நியமாவே இருக்காது, அதுலயும் கட்டைய கம்பி மேல வச்சு வழுக்கித்தான் வாசிக்கிறாங்க, ஒரு சுரத்துலருந்து இன்னொண்ணுக்குத் தாவாம நடந்து போகும். மார்க் போடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: பாடகர் வரிய முடிச்சு மூச்சு விடுற இடத்துல ஸ்டீல் என்ன பண்ணுது? சும்மா இடத்த ரொப்புதா, இல்ல அந்த வரிக்குப் பதில் சொல்லுதா? பக்கவாத்தியம் வாசிக்கிற வயலினுக்கு நாம என்ன பாப்போமோ அதேதான்.

அஞ்சாவது, காப்பியா சொந்தமாங்கிற கேள்வி. இங்க நம்ம ஊர்க் காது நல்லா உதவும். ஒரே தியாகராஜர் கீர்த்தனைய பத்து பேர் பாடுறத நாம காப்பின்னு சொல்றதே இல்ல, யார் எங்க நின்னாங்க, எங்க இழுத்தாங்கன்னுதான் பாப்போம். 'மருதமலை மாமணியே' 1972ல 'தெய்வம்' படத்துல மதுரை சோமு பாடுனது, அத அப்புறம் எத்தனையோ மேடைல கேட்டாச்சு, சோமு மாதிரியே பாட முயற்சி பண்றவன் குரல் பாதில உடையும், தன் குரலுக்கு ஏத்த மாதிரி எடுத்தவன் ஜெயிச்சிருவான். அந்தக் கணக்கையே இங்கயும் போடுங்க. இப்படித் திரும்பப் பாடுறதுக்கு 'கவர்'னு பேரு, அதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு பாட்டோட வீட்டுக்கு நாம போறது, பாடகி லிண்டா ரான்ஸ்டாட் 1983ல 'வாட்ஸ் நியூ' ஆல்பத்துக்காக நெல்சன் ரிடிலோட பெரிய ஆர்கெஸ்ட்ராவக் கூட்டிக்கிட்டு அந்தக் காலத்து உடுப்ப அப்படியே போட்டுக்கிட்டுப் பாடுனாங்க பாருங்க, அது. இன்னொண்ணு பாட்ட நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றது, கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் 1978ல 'ஸ்டார்டஸ்ட்' ஆல்பத்துல பண்ணது, தயாரிப்பு புக்கர் டி. ஜோன்ஸ், பழைய பாட்டெல்லாம் அவரோட நைலான் கம்பி கிட்டார் பக்கத்துல வந்து உக்காந்துக்கிச்சு. நெஸ்மித்தும் ரெண்டாவது வகைதான். ரெண்டு வகைக்கும் ஒரே தராசு வைக்காதீங்க, ரான்ஸ்டாட்கிட்ட போய் "ஏன் மாத்தல"ன்னு கேக்கக்கூடாது, அவங்க மாத்த வரல.

மார்க்க நாங்க இப்படிப் பிரிக்கிறோம். ஒரிஜினல்ல இருந்த உணர்வு உசுரோட இருக்கான்னு 3, பாடுனவர் தன் குரல்லயே பாடுறாரான்னு 3, வாத்தியத்துக்கு 2. மிச்சம் 2 அன்னைக்குப் போடக்கூடாது, மறுநாள் காலைல பல்லு வெளக்கும்போது பாட்டு தானா வாயில வந்துச்சான்னு பாத்துட்டுத்தான் போடணும். யாரும் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி துண்டுச் சீட்டுல எழுதி மடிச்சு ஒரு டம்ளர்ல போட்டுருங்க, இது ரொம்ப முக்கியம், ஏன்னா பெரியவர் ஒருத்தர் "ஆகா"ன்னுட்டா சின்னப் பயலுக எல்லாம் 9 போட்டுருவாய்ங்க. கூட்டி ஆறால வகுத்து சராசரி மட்டும் பாக்காதீங்க. மூணு பேரு 9, மூணு பேரு 3 போட்டாலும் சராசரி 6, ஆறு பேருமே 6 போட்டாலும் 6. மொதல்ல சொன்னது விடிய விடிய பேச வேண்டிய பாட்டு, ரெண்டாவது அடுத்த வாரம் மறந்துபோற பாட்டு. அதுனால மேல எத்தன, கீழ எத்தனன்னு ரெண்டையும் நோட்டுல எழுதுங்க.

கீழ எறங்கிப் போய் பருத்திப்பால் குடிச்சுட்டு வந்து அப்புறம் சீட்டப் பிரிப்போம், அதுக்குள்ள காதுக்கும் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும்.

நெஸ்மித்துக்கு எங்க நோட்டுல மேல 9, கீழ 5. அஞ்சு போட்டது மெஸ் அண்ணே, இன்னமும் மாத்தல, அவரு காரணத்த மதிக்கிறேன், "தாளம் எறங்கிருச்சு, எனக்கு ரயில் வேணும்"னாரு. நாதஸ்வர மாமா அன்னைக்கு எட்டுக்கு 6தான் குடுத்தாரு. மறுநாள் காலைல ஏழு மணிக்கு போன் வந்துச்சு, ஹலோ கூட சொல்லல, அந்த மெட்ட சீவாளில ரெண்டு வரி ஊதிக் காமிச்சாரு, "மிச்ச ரெண்டையும் போட்டுக்க மாப்ள"ன்னு வச்சுட்டாரு.