கோகெய்ன் நச்சு: பிளாஸ்மா கோலினெஸ்டரேஸ் அளவைக் கணக்கில் கொள்ளும் முறை

ஒரே அளவு கோகெய்ன் ஒருவருக்குப் படபடப்போடு அடங்கிவிட, மற்றொருவருக்கு வலிப்பையும் இதயத் துடிப்புச் சீர்கேட்டையும் உண்டாக்கக்கூடும். இந்த வேறுபாட்டுக்கான காரணங்களுள் ஒன்று, கல்லீரலில் உருவாகிப் பிளாஸ்மாவில் (இரத்தத்தின் திரவப் பகுதியில்) சுற்றிவரும் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ், அதாவது பிளாஸ்மா கோலினெஸ்டரேஸ், என்னும் நொதி. அது கோகெய்னை, வீரியம் மிகக் குறைந்த எக்கோனின் மெத்தில் எஸ்டராகச் சிதைக்கிறது. கல்லீரலின் கார்பாக்சில்எஸ்டரேஸ் என்னும் வேறொரு நொதி மற்றொரு பகுதியைப் பென்சாயில்எக்கோனினாக மாற்றுகிறது. ஆனால் மதுவும் உடலில் இருந்தால் இந்தக் கார்பாக்சில்எஸ்டரேஸ் கோகெத்திலீன் என்னும் பொருளை உருவாக்குகிறது. இது கோகெய்னை விட நீண்ட நேரம் உடலில் தங்குவதோடு இதயத்துக்கும் கேடு செய்வதால், மது அருந்தினாரா என்று கேட்பதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

முதலில் செய்ய வேண்டியது சிகிச்சையே. பதற்றத்துக்கும் வலிப்புக்கும் பென்சோடயசெபைன் வகை அமைதியூட்டி மருந்து, உடல் வெப்பம் ஏறியிருந்தால் உடனடிக் குளிர்விப்பு, இசிஜியில் கியூஆர்எஸ் (இதயக் கீழறைகளின் மின்தூண்டலைக் காட்டும் அலை) அகன்றிருந்தால் சோடியம் பைகார்பனேட் ஆகியவற்றை, நொதிப் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திராமல் தொடங்க வேண்டும்.

அடுத்து, இரத்தம் எடுக்கும் முறையில் மிகுந்த கவனம் தேவை. பயனற்ற முடிவுகள் பல இங்கேதான் பிறக்கின்றன. குழாய்க்குள் சென்ற பிறகும் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் கோகெய்னைச் சிதைத்துக்கொண்டே இருப்பதால், கோகெய்ன் அளவை அறிய, நொதியைத் தடுக்கும் சோடியம் ஃபுளோரைடு கலந்த குழாயில் இரத்தத்தை எடுத்து உடனே குளிரில் வைக்க வேண்டும். நொதியின் செயல்திறனை அளக்கவோ, ஃபுளோரைடு இல்லாத வேறொரு குழாய் வேண்டும். தானமளிக்கப்பட்ட பிளாஸ்மாவிலும் இந்நொதி இருப்பதால், இரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்றும் முன்பே இந்த மாதிரியை எடுத்துவிடுவது நல்லது.

செயல்திறன் குறைந்திருந்தால் காரணத்தைத் தேடுங்கள். கல்லீரல் நோய், கர்ப்பம், ஊட்டச்சத்துக் குறைவு, ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லித் தொடர்பு ஆகியவை அதைக் குறைக்கும். மரபுவழிக் குறைபாடு என்ற ஐயம் எழுந்தால் டைபூகெய்ன் எண் (டைபூகெய்ன் என்னும் மருந்து இந்நொதியின் செயலை எத்தனை விழுக்காடு தடுக்கிறது என்பது) உதவும்: இயல்பானவர்களிடம் அது ஏறத்தாழ 80, பிறழ்ந்த மரபணு ஒன்றைப் பெற்றவர்களிடம் 60 அளவில், இரண்டையும் பெற்றவர்களிடம் 20 அளவில் இருக்கும். முன்பு மயக்க மருந்து பெற்றபோது, அறுவை முடிந்தும் மூச்சு திரும்பத் தாமதமானதா என்று குடும்பத்தாரிடம் கேட்பதும் பயனுள்ளது. உயிருக்கு ஆபத்தான நச்சு ஏற்பட்டோரிடம் இந்நொதி சராசரியில் குறைவாக இருந்ததை ஆய்வுகள் காட்டியிருந்தாலும், இயல்பான அளவு கொண்டவர்களும் கடுமையாகப் பாதிக்கப்படுவதுண்டு. ஆகவே இயல்பான எண்ணைக் காட்டி எவரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

மூச்சுக்குழாய் பொருத்த நேர்ந்தால், தசைத் தளர்த்தி மருந்துகளுள் சக்சினைல்கோலினைத் தவிர்த்து ரோகுரோனியத்தைத் தேர்வது என் பரிந்துரை. சக்சினைல்கோலினைச் சிதைப்பதும் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ்தான். கோகெய்னும் சக்சினைல்கோலினும் அதற்காகப் போட்டியிட்டால், தசைத் தளர்வும் கோகெய்னின் விளைவும் நீளக்கூடும்.

தசையிலுள்ள நொதியான கிரியேட்டின் கைனேஸின் இரத்த அளவையும் பாருங்கள். அது கோகெய்னைச் சிதைப்பதில்லை. ஆனால் இயல்பின் உச்சவரம்பைப் போல ஐந்து மடங்குக்கு மேல் ஏறினால் தசைச் சிதைவைக் குறிக்கும். அப்போது திரவம் ஏற்றுவதோடு, சிறுநீரின் அளவையும் பொட்டாசியத்தையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.