குடோனுக்கு ரேக் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ரேக் கடைக்குள் நுழைந்ததும் எத்தனை அடி உயரம், எத்தனை தட்டு என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கு முன்னால் நம்மிடம் இருக்க வேண்டியது எடைக் கணக்கு.

முதல் வேலை, ஒரு தட்டில் வைக்கப்போகும் சரக்கிலேயே கனமானதைத் தராசில் வையுங்கள். 50 கிலோ மூட்டை நான்கு என்றால் 200 கிலோ. கடைக்காரர் சொல்லும் கிலோ கணக்கு சரக்கைத் தட்டு முழுக்கப் பரவலாக வைத்தால்தான் பொருந்தும், நடுவில் ஒரே ஒரு கனமான மோட்டாரை வைத்தால் தட்டு தொய்ந்துவிடும்.

அடுத்து வகை. கையால் தூக்கி வைக்கிற சரக்குக்கு வரிசையாகத் துளை போட்ட L வடிவ இரும்புச் சட்டங்களை நட்டு போல்ட் போட்டு முடுக்கும் ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் போதும். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமனாகும், 20 கேஜைவிட 18 கேஜ்தான் கனம், புதிதாக வாங்குபவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதாக இருந்தால், சரக்கை அடியில் உள்ள பலகையோடு (பேலட்) அப்படியே ஏற்றி வைக்கிற பேலட் ரேக்தான், ஆனால் வண்டி சரக்கோடு திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்து நடைபாதையை விட்டபிறகே எத்தனை வரிசை என்று முடிவு செய்யுங்கள்.

கடலூர், புதுச்சேரியில் இதற்கெல்லாம் மேலே உப்புக்காற்று. பவுடர் கோட்டிங் பார்க்க அழகுதான், ஆனால் போல்ட் போடும் துளையின் ஓரத்தை உற்றுப் பாருங்கள்: பெயின்ட் மெலிந்து இரும்பு எட்டிப் பார்க்கிற இடத்தில்தான் பழுப்புப் புள்ளி தொடங்கி உள்ளே பரவும். கால்வனைஸ் செய்ததில், அதாவது இரும்பின்மேல் துத்தநாகம் பூசியதில், லேசாகக் கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். விலை கூடுதல்தான், கடற்கரைக்குப் பக்கத்தில் குடோன் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். நட்டு போல்ட்டும் கால்வனைஸ் செய்ததாகவே கேளுங்கள்.

அப்புறம் தண்ணீர். 2015 வெள்ளத்திலும் 2024 ஃபெஞ்சல் புயலிலும் உங்கள் தெருவில் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, அடித்தட்டை அதற்கு மேலே வையுங்கள். கனமான சரக்கு கீழேதான் இருக்க வேண்டும் என்பதால் தட்டை மட்டும் உயர்த்துவதைவிட கான்கிரீட் மேடை போட்டு அதன்மேல் ரேக்கை நிறுத்துவது நல்லது. செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுக்கவே கூடாது.

கால்களைத் தரையில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்குங்கள். ஒல்லியாக உயர்ந்து நிற்கிற ரேக்கைச் சுவரோடோ பக்கத்து ரேக்கோடோ சேர்த்துக் கட்டுங்கள், ஷீட் சுவர் இதற்கு உதவாது.

பணம் கொடுக்கும் முன், ஒரு தட்டு எத்தனை கிலோ தாங்கும் என்பதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.