சூப்பர்சார்ஜர் வைத்த டிராக் எஞ்சினுக்கு டைமிங் வைக்கும்போது நடக்கும் தவறுகள்

அமெரிக்க டிராக் ரேஸில் (நேர்பாதையில் ஓடும் குறுந்தூரப் பந்தயம்) ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) ஏற்றிய செவ்ரோலே வி8 எஞ்சினைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள், முதலில் ‘டைமிங் எத்தனை டிகிரி வைக்கலாம்?’ என்றுதான் கேட்பார்கள். பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க் இன்னும் எத்தனை டிகிரி சுற்ற வேண்டியிருக்கும்போது பிளக்கில் பொறி விழுகிறது என்பதே டைமிங். அந்தக் கேள்விக்கு முன்னால் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். டைமிங் லைட் (பொறி விழும் கணத்தில் மின்னி, சுழலும் குறியைக் காட்டும் விளக்கு) காட்டுகிற டிகிரி உண்மையானதா? பிஸ்டன் உடைந்த பிறகு அலசினால், பல நேரம் குறித்த எண்ணில் தவறு இருக்காது, அளந்த விதத்தில்தான் இருக்கும்.

டைமிங் குறி இருக்கும் பேலன்சரின் (கிராங்கின் முன்முனையில் உள்ள சக்கரம்) வெளிவளையம் ரப்பரில் பொருந்தியிருக்கும் வகையாக இருந்தால், அது நாளடைவில் நழுவும். வளையம் 6 டிகிரி நழுவினால் நீங்கள் 28 என்று வைத்தது 34 ஆக இருக்கலாம், 22 ஆகவும் இருக்கலாம். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பை (பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் கம்பி) முறுக்குங்கள். கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் முட்டும் இடத்தில் பேலன்சரில் ஒரு கோடு போடுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவில் இருப்பதுதான் நிஜமான டாப் டெட் சென்டர், அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் புள்ளி. இதற்கு ஸ்டார்ட்டர் மோட்டாரை மட்டும் தொடவே கூடாது, பிஸ்டனில் ஓட்டை விழும்.

அடுத்த தவறு, ஐடிலில் பார்த்துவிட்டு ‘டைமிங் சரி’ என்று விடுவது. மின்னணு இக்னிஷனில் சிக்னல் போய்ச் சேர ஒரு சிறு தாமதம் உண்டு. ஆர்பிஎம் ஏற ஏற அதே தாமதத்தால் பொறி கூடுதல் டிகிரி பின்தங்கும். டிஸ்ட்ரிபியூட்டர் பிக்கப்பின் (பொறிக்கான சிக்னலைத் தரும் சென்சார்) இரண்டு ஒயரையும் மாற்றி இணைத்திருந்தாலும் டைமிங் அலையும். அதனால் 3,000, 4,000 ஆர்பிஎம்மில் வைத்து லைட் அடித்துப் பாருங்கள். குமிழைத் திருகி டிகிரியை வைத்துப் பார்க்கும் வகை டைமிங் லைட்டில் இன்னொரு தொல்லை இருக்கிறது. குறைந்த ஆர்பிஎம்மில் பல தீப்பொறி விடும் இக்னிஷன் பாக்ஸோடு சேர்ந்தால் அது தவறாகக் காட்டக்கூடும். பேலன்சரில் டிகிரி டேப் (டிகிரி அளவு அச்சிட்ட பட்டை) ஒட்டி, சாதாரண லைட்டால் பார்ப்பதே நம்பகமானது.

சரி, எண்ணுக்கு வருவோம். பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் கூடுதல் காற்றழுத்தம்) இல்லாத வி8 எஞ்சின் மொத்தம் 34 முதல் 38 டிகிரி அட்வான்ஸில், அதாவது டாப் டெட் சென்டருக்கு அத்தனை டிகிரி முன்னால் பொறி விழும்போது, நன்றாக ஓடும். அதே எண்ணை பூஸ்டுக்கும் கொண்டுபோவதுதான் எஞ்சினைக் கொல்லும் தவறு. அழுத்தி அடைத்த கலவை வேகமாக எரிகிறது. சிலிண்டர் அழுத்தம் டாப் டெட் சென்டரைக் கடந்து சுமார் 15 டிகிரியில் உச்சத்துக்கு வந்தால் பலன் அதிகம். சீக்கிரம் எரிந்து முடித்தால், மேலேறி வரும் பிஸ்டனையே அந்த அழுத்தம் எதிர்த்துத் தள்ளும். ஒரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) பூஸ்டுக்கு ஒரு டிகிரி குறைப்பது பழைய கணக்கு. தொடங்க மட்டும் அது உதவும். 36 டிகிரி எஞ்சினில் 8 பிஎஸ்ஐ என்றால் 28. பெட்ரோலில் ஓட்டினால் அதற்கும் கீழே தொடங்கி மேலே வாருங்கள். மெத்தனால் ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றை நன்றாகக் குளிர்விக்கும், அதனால் அது கூடுதல் டிகிரி தாங்கும். டிராக் ரேஸின் மிக வேகமான வகையான டாப் ஃபியூல் வண்டியில் 50 டிகிரிக்கு மேல் அட்வான்ஸ் வைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அதைப் பின்பற்றுவோரும் உண்டு. அது 90 சதவீதம் வரை நைட்ரோமீத்தேன், சிலிண்டருக்கு இரண்டு பிளக், இரண்டு மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமலே பொறிக்கு மின்சாரம் தரும் கருவி) உள்ள எஞ்சின். அந்த எண் பெட்ரோல் எஞ்சினுக்கு எந்த விதத்திலும் பொருந்தாது.

நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டுவது) வந்தால் காதில் விழும் என்று நம்பாதீர்கள். திறந்த எக்ஸாஸ்ட், சூப்பர்சார்ஜரின் ஊளை, வால்வுகளை இயக்கும் சாலிட் லிஃப்டர்களின் சத்தம், இவற்றுக்கு நடுவே எதுவும் கேட்காது. நாக் சென்சாரும் இந்தச் சத்தத்தில் குழம்பும். பிளக்கைத்தான் பார்க்க வேண்டும். முழு ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை அணைத்து, வண்டியை இழுத்துக்கொண்டு வாருங்கள். ஐடிலில் ஓட்டி வந்தால் பிளக்கில் இருக்கும் தடயம் மாறிப்போகும். பிளக்கின் வளைந்த பட்டையில் வெப்பம் நிறத்தை மாற்றிய ஓர் எல்லைக்கோடு தெரியும். நுனியருகே இருந்தால் டைமிங் பின்தங்கியிருக்கிறது. வளைவில் இருந்தால் நல்லது. அடிப்பக்கம் இறங்கியிருந்தால் அதிகம். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகளோ, மினுங்கும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. லென்ஸ் வைத்து எட்டு பிளக்கையும் பாருங்கள். எட்டு சிலிண்டருக்கும் காற்றும் எரிபொருளும் ஒரே அளவில் போவதில்லை.

ஒரே ஒரு பிளக் மோசமாக இருந்தால் உடனே மொத்த டைமிங்கைக் குறைப்பது தவறு. முதலில் அந்த சிலிண்டரின் எரிபொருளைப் பாருங்கள். எரிபொருள் போதாத கலவையை டைமிங் குறைத்துச் சமாளித்தால், நெருப்பு தாமதமாகி எக்ஸாஸ்ட் வால்வைச் சுடும். ரிடார்ட் (டைமிங்கைக் குறைப்பது) என்றாலே பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

ஏழாவது சிலிண்டர் மட்டும் அடிவாங்கினால் ஒயரையும் பாருங்கள். செவ்ரோலேயின் வழக்கமான ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் பற்றும் வரிசை) 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், அடுத்தடுத்துப் பற்றுபவை. இரண்டு பிளக் ஒயரும் ஒட்டி ஓடினால் ஐந்தின் மின்சாரம் ஏழின் ஒயரில் தூண்டப்பட்டு, அங்கே 90 டிகிரி முன்னதாகவே பொறி விழலாம். டிஸ்ட்ரிபியூட்டரில் எவ்வளவு குறைத்தாலும் இது தீராது. ஒயர்களைப் பிரித்துப் பாதை மாற்றுவதே வழி.

டைமிங்கைக் கூட்டும்போது ஒரு டிகிரி மட்டும் கூட்டி ஓட்டுங்கள், வேறெதையும் தொடாதீர்கள். ஓட்ட நேரத்தை விட, முடிவுக்கோட்டு வேகத்தைப் பாருங்கள். நேரம் டயர் பிடிப்பால் மாறும், வேகம்தான் எஞ்சினின் பலத்தைக் காட்டும். டிகிரி கூட்டியும் வேகம் கூடவில்லை என்றால், பழைய எண்ணுக்கே திரும்பிவிடுங்கள்.

அப்புறம், ஊர் மாறும்போது நடக்கும் தவறு. டென்வர் அருகே 2023 வரை இயங்கிய பேண்டிமியர் களம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,800 அடி உயரம். காற்று மெலிந்தது, அதனால் புல்லியை (சூப்பர்சார்ஜரை ஓட்டும் பெல்ட் சக்கரம்) மாற்றி சூப்பர்சார்ஜரை வேகமாகச் சுழற்றுவார்கள். அதே புல்லியோடும் அதே டைமிங்கோடும் கடல்மட்டத்தை ஒட்டிய ஃபுளோரிடா களத்தில் ஓட்டினால், பூஸ்ட் எதிர்பார்த்ததை விட ஏறிவிடும். புல்லி, பூஸ்ட், காற்றின் வெப்பம், டைமிங் நான்கையும் ஒரே வரியில் நோட்டில் எழுதி வையுங்கள். புல்லியை மாற்றும் நாளில் டைமிங்கையும் முதலிலிருந்து, கீழிருந்தே தொடங்குங்கள்.