மோட்டார் வாங்கும் முன் தொட்டியில் ஒரு கோடு போடுங்கள்

பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் எங்கள் ஊர். 19 வருடம் அங்கே டேங்க் ஆபரேட்டராக இருந்தேன். வால்வு திறக்க ஐந்து நிமிடம் தாமதமானால் போதும், "இன்னாண்ணா, இன்னும் தண்ணி உடலியா?" என்று குரல் வந்துவிடும். இப்போது பக்கத்து ஊர் வார்டு உறுப்பினர்கள், இளைஞர்கள் என்று யோசனை கேட்டு வருகிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது, எத்தனை ஹெச்பி மோட்டார் போடலாம் என்றுதான். அது கடைசியில் பார்க்க வேண்டியது.

முதல் வேலை ராத்திரியில். 10 மணிக்கு மோட்டாரை நிறுத்துங்கள். தெருக்குழாய்கள் மூடியிருக்கின்றனவா என்று ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஊருக்குத் தண்ணீர் விடும் வால்வு மட்டும் திறந்தே இருக்கட்டும். தொட்டியின் மட்டம் காட்டும் பட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். காலை 4 மணிக்கு, யாரும் குடம் எடுக்கும் முன் மறுபடி பாருங்கள். எங்கள் தொட்டி 30,000 லிட்டர், குறுக்களவு 4 மீட்டர். அதில் ஒரு அடி இறங்கினால் 3,800 லிட்டர் போயிற்று என்று கணக்கு. நாங்கள் போட்ட முதல் கோட்டுக்குக் கீழே ஒன்றரை அடி இறங்கியிருந்தது. ஜல் ஜீவன் திட்டம் சொல்லும் ஆளுக்கு 55 லிட்டர் கணக்கில், 100 பேருடைய ஒரு நாள் தண்ணீர் ஒரே ராத்திரியில் மண்ணுக்குள். இதற்கு மேல் பெரிய மோட்டார் போட்டால் ஓட்டை வழியாக இன்னும் வேகமாகப் போகும், அவ்வளவுதான்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க மிஷின் வேண்டாம். தெருத்தெருவாக வால்வை மூடிக்கொண்டே வாருங்கள். எந்தத் தெருவை அடைத்ததும் மட்டம் நிற்கிறதோ அங்கேதான் கசிவு. நீள இரும்பு வால்வுச் சாவியைக் குழாய்மேல் ஊன்றி மேல்முனையில் காதை வையுங்கள். கசியும் இடம் நெருங்க நெருங்க 'ஸ்ஸ்' என்று ஓயாத சத்தம் கேட்கும். எங்களுக்கு அது கேட்டது ஒரு சிறுபாலத்துக்கு அடியில். குழாய் சாக்கடைக்குள்ளேயே கிடந்தது, ஜாயின்ட் விட்டிருந்தது. தண்ணீர் ஓடும்போது அது வெளியே பீய்ச்சும். நிறுத்தியதும் குழாய் காலியாகி, அதே ஓட்டை வழியாகச் சாக்கடையை உள்ளே இழுக்கும். அந்தத் தெருப் பிள்ளைகளுக்குத்தான் மழைக்காலம் தோறும் வயிற்றுப்போக்கு. பல வருடம் ஆற்றுத் தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. எஸ்டிமேட் போடும்போது, சாக்கடைக்குள் போகும் ஒவ்வொரு குழாயையும் மேலே ஏற்றி இடம் மாற்றுவதை முதல் வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

குளோரினைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் விட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மூட்டை பிரித்து நாளான பவுடரில் வீரியம் இருக்காது. சோதனையைத் தொட்டிக்கடியில் செய்து பயனில்லை. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும்.

நம் பக்கத்துத் தனிச் சிக்கல் உப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பது 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகவே வந்தது. உப்பு மணல் வடிகட்டியில் நிற்காது, காய்ச்சினாலும் குறையாது, குளோரினுக்கும் அடங்காது. ஒவ்வொரு கிணற்றையும் போரையும் தனித்தனியாக, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது; வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை குடிக்கலாம் என்கிறது இந்தியத் தரக் குறியீடு. ஒரே ஊரில் கிணற்றுக்குக் கிணறு வித்தியாசம் இருக்கும், அதனால் நல்ல கிணற்றைக் குடிக்கவும் மற்றதைப் புழங்கவும் பிரித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்ஓ மிஷின் போட்டே ஆக வேண்டும் என்றால், உப்பு திரண்ட கழிவு எங்கே போகும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஓர் ஊரில் அதைப் பழைய கிணற்றில் விட்டிருந்ததைப் பார்த்தேன். அதே நிலத்தடித் தண்ணீரைத்தான் போரில் மறுபடி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இனி கழிவுநீர். விடும் தண்ணீரில் 100க்கு 80 பங்கு சாக்கடைக்கு வரும். 500 பேர் உள்ள பகுதிக்கு 55 லிட்டர் வீதம் 27,500 லிட்டர். கழிவு 22,000 லிட்டர். இந்த அளவுக்கு மின்சாரம் தின்னும் நிலையம் தேவையில்லை. தாழ்வான இடத்தில், முதலில் கம்பிச் சல்லடை, அடுத்து மண்டி தங்கும் தொட்டி, அதன்பின் தண்ணீர் மேலும் கீழுமாக ஏறி இறங்கும் தடுப்பறைகள், கடைசியில் இரண்டடி ஆழ ஜல்லிப் படுகையில் கல்வாழை. வெளிவருவது தென்னைக்குப் போதும், குடிக்க ஆகாது. மழைநீர்க் கால்வாயை இதில் சேர்க்காதீர்கள். ஒரே மழை மண்டியை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். தோல் பட்டறைத் தண்ணீர் ஒரு வாளிகூட உள்ளே வரக்கூடாது. அது தோல் பட்டறைகளுக்கென்றே உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டியது.

செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள் அதன் நீர் இறங்கும் குழியைக் குடிநீர்க் கிணற்றிலிருந்து 60 அடிக்கு மேல் தள்ளி வையுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை டேங்கில் சேர்ந்த மண்டியை லாரியில் எடுத்துவிடுங்கள். என்ன அடைப்பானாலும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி அது குற்றம். உள்ளே தேங்கும் விஷவாயுவை மூக்கு கண்டுபிடிக்கும் முன் உயிர் போய்விடும். லாரிக்காரரிடம் எங்கே கொட்டுகிறீர்கள் என்றும் கேளுங்கள், ஏரிக்கரை என்றால் அனுப்பாதீர்கள்.

மார்ச் 22 கிராம சபைக்கு ராத்திரிக் கோட்டின் கணக்கு, கிணறுகளின் டிடிஎஸ் பட்டியல், கடைசிக் குழாயின் குளோரின் அளவு மூன்றையும் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தீர்மானத்தில் ஆபரேட்டர் சம்பளம், ஜல்லி கழுவும் கூலி, வருடாவருடம் கல்வாழை வெட்டும் கூலி என்று தனித்தனித் தொகை எழுதச் சொல்லுங்கள். மோட்டாரின் ஹெச்பியை அதன்பிறகு பேசலாம். கசிவை அடைத்தபின் எங்கள் ஊரில் பழைய மோட்டாரே போதுமானதாக இருந்தது.