திறந்த ஆய்வுக் களஞ்சியம்: நம்பிக்கையைக் கெடுக்கும் தவறுகள்

“தரவு வேண்டுவோர் ஆசிரியரைத் தொடர்பு கொள்ளவும்.” ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கிற எவரும் இந்த வரியைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், கேட்டால் தருவோம் என்று எழுதியிருந்த சுமார் 1,800 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் உண்மையிலேயே கேட்டுப் பார்த்தார்கள். 93 விழுக்காட்டினர் பதிலே போடவில்லை, அல்லது மறுத்துவிட்டார்கள். அத்தனை பேரும் எதையோ மறைக்கிறார்கள் என்று பொருளல்ல. மின்னஞ்சல் முகவரி மாறிப்போகிறது, மடிக்கணினி பழுதாகிறது, தரவைச் சேகரித்த மாணவர் படிப்பை முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் தரவையும் நிரலையும் காத்துப் பகிரும் இணையக் களஞ்சியங்கள் வந்தன. கோப்பை ஏற்றியாயிற்று, டிஓஐ எண்ணும் (பதிவுக்கான நிலையான இணைய அடையாளம்) வாங்கியாயிற்று, இனி வேலையில்லை என்று நினைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தக் கோப்பைத் திறந்து, புரிந்துகொண்டு, சரிபார்த்து, தன் வேலையில் சேர்த்துக்கொள்ள முடிகிறதா? அது முடியாதபோது தரவு திறந்திருந்தும் பயனில்லை.

கிடைத்த இடத்தில் போட்டு வைப்பது

கூகுள் டிரைவ் இணைப்பு, துறையின் இணையப் பக்கம், சொந்த வலைத்தளம். மூன்றும் பகிர்வதற்கு வசதியானவை, காப்பதற்கு அல்ல. கணக்கு மூடப்பட்டால் அல்லது தளம் புதுப்பிக்கப்பட்டால் இணைப்பு செத்துவிடும். கிட்ஹப்பும் அப்படித்தான். அது நிரல் எழுதும் இடம்; உரிமையாளர் நினைத்தால் சில சொடுக்குகளில் எல்லாவற்றையும் அழித்துவிடலாம். நிரல்களை வைக்கும் கூகுள் கோட் என்ற சேவை 2016-இல் மூடப்பட்டபோது, அதைச் சுட்டிய கட்டுரைகள் பலவற்றின் இணைப்புகள் அந்தரத்தில் நின்றன.

முதலில் உங்கள் துறைக்கென்று தனிக் களஞ்சியம் இருக்கிறதா என்று ரீ3டேட்டா என்ற களஞ்சியப் பட்டியலில் தேடுங்கள். மரபணு வரிசை, புரத அமைப்பு, சமூக ஆய்வுத் தரவு போன்றவற்றுக்கு அந்தந்தத் துறையின் களஞ்சியமே நல்லது. அந்தத் துறைக்காரர்கள் தேடுவது அங்கேதான். இல்லையென்றால் பொதுக் களஞ்சியம். செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகம் நடத்தும் ஜெனோடோ 2013 முதல் இயங்குகிறது. ஒரு பதிவுக்கு 50 ஜிகாபைட், 100 கோப்புகள் வரை இலவசமாக ஏற்கிறது. எந்தக் களஞ்சியமானாலும் மூன்றைப் பாருங்கள்: டிஓஐ தருகிறதா, நிறுவனம் மூடப்பட்டால் தரவு எங்கே போகும் என்று எழுதி வைத்திருக்கிறதா, நம்பகமான களஞ்சியம் என்று காட்டும் கோர்ட்ரஸ்ட்சீல் போன்ற சான்று உண்டா. மூன்றாவது இல்லாத நல்ல களஞ்சியங்களும் உண்டு. இரண்டாவது இல்லாவிட்டால் யோசிக்க வேண்டும்.

நிரலைக் கிட்ஹப்பில் எழுதி ஜெனோடோவில் சேமிப்பது நல்ல வழி. இதில் அடிக்கடி நடக்கும் பிழை வரிசை மாறுவது. ஜெனோடோவில், கிட்ஹப்பில் உள்ள அந்த நிரல் தொகுப்புக்கான இணைப்பை முதலில் இயக்க வேண்டும். அதற்குப் பிறகு கிட்ஹப்பில் வெளியிடும் ‘ரிலீஸ்’ (எண்ணிட்ட பதிப்பு) மட்டுமே தானாகச் சேமிக்கப்படும். முன்பே வெளியிட்டுவிட்டு இணைப்பை இயக்கினால் எதுவும் வந்து சேராது. இன்னொன்று: கிட் சப்மாட்யூலாக (வேறொரு நிரல் தொகுப்பைச் சுட்டும் இணைப்பாக) வைத்திருக்கும் பகுதிகள் அந்த ஜிப் கோப்பில் வருவதில்லை. சேமித்த ஜிப்பை ஒருமுறை இறக்கி விரித்துப் பார்க்காதவர்களுக்கு இது ஆண்டுக்கணக்கில் தெரிவதே இல்லை.

பதிப்புகளைக் குழப்புவது

தரவில் பிழை கண்டுபிடித்துவிட்டீர்கள். பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றத் தோன்றும். செய்யாதீர்கள். பழைய டிஓஐயைச் சுட்டியவர்கள் எந்தத் தரவைப் பயன்படுத்தினார்கள் என்பதற்கான தடயமே அழிந்துவிடும். சத்தமில்லாமல் கோப்பு மாறியது என்ற பேச்சு கிளம்பினால் பிழையைவிட அது பெரிய சேதம். ‘புதிய பதிப்பு’ என்ற வசதியைப் பயன்படுத்தி, என்ன மாறியது, எந்த முடிவுகளை அது பாதிக்கும் என்று இரண்டு வரி எழுதுங்கள். 1991-இல் தொடங்கிய ஆர்க்சைவ் என்ற கட்டுரைக் களஞ்சியம் இதைத்தான் செய்கிறது: இரண்டாம் பதிப்பு வந்தாலும் முதல் பதிப்பு அங்கேயே இருக்கும், ஆசிரியர் கட்டுரையைத் திரும்பப் பெற்றாலும் கூட.

ஜெனோடோவில் ஒரே தரவுக்கு இரண்டு வகை டிஓஐ உண்டு. ஒன்று அந்தக் குறிப்பிட்ட பதிப்புக்கு. மற்றொன்று எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவானது, எப்போதும் கடைசிப் பதிப்பைக் காட்டும். கட்டுரையின் முடிவுகளுக்கு ஆதாரமாகப் பதிப்பின் டிஓஐயையே கொடுக்க வேண்டும். பொது எண்ணைக் கொடுத்தால், இரண்டாண்டு கழித்து வருகிறவர் வேறு கோப்பை இறக்கி, உங்கள் அட்டவணையோடு ஒப்பிட்டு, எண்கள் ஒத்துவரவில்லை என்று எழுதுவார். தப்பு அவருடையதல்ல.

உரிமம்: எழுதாமல் விடுவதும் எழுதிக் கெடுப்பதும்

உரிமம் எதுவும் குறிப்பிடாவிட்டால் ‘எடுத்துக்கொள்ளலாம்’ என்று பொருளாகாது. பெரும்பாலான நாடுகளில் பதிப்புரிமை தானாகவே ஆசிரியருக்கு வந்துவிடும். நேர்மையான பயனர் ஒதுங்கிப் போவார். கட்டுரை, படம், விளக்க உரை ஆகியவற்றுக்கு சிசி பை (ஆசிரியர் பெயரைச் சுட்டக் கேட்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்) போதும். வெறும் எண்களாலான தரவுக்கு எந்த நிபந்தனையும் விதிக்காத சிசி ஜீரோ இன்னும் வசதி, ஏனென்றால் நூறு தொகுப்புகளை ஒன்றுசேர்க்கிறவர் நூறு நிபந்தனைகளைச் சுமக்க வேண்டியதில்லை. சட்டம் கேட்காவிட்டாலும் சுட்டுவது ஆய்வு நெறி. அது உரிமத்தால் வருவதல்ல. நிரலுக்கு சிசி உரிமங்களைப் போடக்கூடாது என்று கிரியேட்டிவ் காமன்ஸே சொல்கிறது. நிரலுக்கென்றே உள்ள எம்ஐடி, அப்பாச்சி 2.0, ஜிபிஎல் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

‘வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற நிபந்தனையைப் பாதுகாப்புக்காகச் சேர்க்கிறவர்கள் அதிகம். அது யாரைத் தடுக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் தயங்குகிற சக ஆய்வாளரைத்தான். நிறுவன நிதியில் இயங்கும் பல்கலைக்கழக ஆய்வகம் வணிகமா, கட்டணம் வாங்கும் பயிற்சி வகுப்பு வணிகமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ‘மாற்றக்கூடாது’ என்ற நிபந்தனை இன்னும் மோசம்: மாற்றி, திருத்தி, மற்றொன்றோடு சேர்த்த வடிவத்தை வெளியிட முடியாத தரவைக் கூட்டாய்வில் யாரும் தொடமாட்டார்கள்.

கூட்டாளிகள் எல்லோரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள். கொடுத்த சிசி உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது.

கோப்பே பேசாமல் இருப்பது

அதிகக் கோளாறு இங்கேதான். அட்டவணையில் ‘வெப்பம்’ என்ற பத்தியில் (மேலிருந்து கீழாக வரும் நெடுவரிசையில்) 37.2 என்று இருக்கிறது. செல்சியஸா? உடல் வெப்பமா, அறை வெப்பமா? -999 என்று இருந்தால் அது அளவா, விடுபட்ட மதிப்பா? பிறகு ஒருவர் அந்தப் பத்தியின் சராசரியைக் கணக்கிட்டு அபத்தமான எண்ணை வெளியிடுவார். 03/04/2021 என்பது மார்ச்சா ஏப்ரலா என்பது படிப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. 2021-04-03 என்று எழுதினால் இந்தத் தகராறே இல்லை.

விடுபட்ட மதிப்பு என்று தனிக் குறி வைத்தாலும் கண்ணி உண்டு. நமீபியா நாட்டின் ஈரெழுத்துக் குறியீடு என்ஏ (NA). ஆர் என்ற நிரல் மொழியும் பைதானின் பாண்டாஸ் நிரலகமும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) கோப்பைப் படிக்கும்போது, வேறு சொல்லாவிட்டால், அதை ‘மதிப்பு இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும். ஒரு நாடே அட்டவணையிலிருந்து காணாமல் போகும், எந்த எச்சரிக்கையும் வராது. மூன்றெழுத்துக் குறியீட்டைப் பயன்படுத்தினால் தப்பிக்கலாம்.

எக்செல் தனிக் கதை. செப்ட்2, மார்ச்1 என்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. மென்பொருள் மாறவில்லை என்பதால், 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. மஞ்சள் நிறம் பூசிய கட்டங்கள், ஒன்றாக்கிய கட்டங்கள், ஒரே தாளில் மூன்று அட்டவணைகள் ஆகியவை மனிதக் கண்ணுக்குப் புரியும், நிரலுக்குப் புரியாது. நிறத்துக்கு ஒரு பொருள் இருந்தால் அதற்கென்று ஒரு பத்தியைச் சேர்த்து எழுதுங்கள். இறுதிக் கோப்பை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சிஎஸ்வியாகச் சேமியுங்கள்; குறியாக்கம் தவறினால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகக் கொட்டும். அட்டவணையைப் பிடிஎஃப் ஆகத் தருவதைப் பகிர்வு என்றே சொல்ல முடியாது.

ஒவ்வொரு பதிவிலும் ஒரு ரீட்மீ கோப்பு, எளிய உரையாக. அதில் இருக்க வேண்டியவை: தரவை எப்போது, எங்கே, எந்தக் கருவியால் எடுத்தீர்கள், எந்தெந்தக் கோப்பில் என்ன இருக்கிறது, எந்த வரிசைகளை ஏன் நீக்கினீர்கள், நிரலை எந்த மென்பொருள் பதிப்பில், எந்த வரிசையில் ஓட்ட வேண்டும். இதோடு ‘தரவு அகராதி’ என்று தனி அட்டவணை: பத்தியின் பெயர், விளக்கம், அலகு, ஏற்கத்தக்க மதிப்புகள், விடுபட்டதைக் காட்டும் குறி. கூடவே, சுத்தப்படுத்திய தரவை மட்டும் தராமல் மூலத் தரவையும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போன நிரலையும் வையுங்கள். 2013-இல் பொருளியல் மாணவர் ஒருவர், நாட்டுக் கடன் பற்றிப் பெரிதும் பேசப்பட்ட 2010-ஆம் ஆண்டுக் கட்டுரையின் எக்செல் கோப்பை ஆசிரியர்களிடமே கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான், சராசரிக் கணக்கில் ஐந்து நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருந்தது வெளியே வந்தது. அச்சான அட்டவணையை எத்தனை முறை படித்தாலும் அது தெரிந்திருக்காது.

பெயரை நீக்கினால் அடையாளம் போய்விடும் என்று நம்புவது

மற்ற தவறுகளில் பெரும்பாலானவற்றைப் பிறகு திருத்தலாம். இதைத் திருத்த முடியாது. பதிவை நீக்கினாலும் அதற்குள் இறக்கிக்கொண்டவர்களிடம் கோப்பு இருக்கும்.

பெயர், முகவரி, தொலைபேசி எண் நீக்கியாயிற்று. ஆனால் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் இருக்கின்றன. இந்த மூன்றை வைத்தே அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று தனியுரிமை ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி கணக்கிட்டுக் காட்டினார். பிறந்த தேதிக்குப் பதில் ஐந்தாண்டு வயதுப் பிரிவு, ஊருக்குப் பதில் மாவட்டம் அல்லது மாநிலம் என்று விரியுங்கள். பிறகு இந்தப் பத்திகளைச் சேர்த்து எண்ணிப் பாருங்கள்: ஒரே மாதிரிச் சேர்க்கையில் ஐந்து பேருக்குக் குறைவாக வந்தால், அந்தப் பிரிவை இன்னும் அகலமாக்குங்கள் அல்லது மறையுங்கள். அரிய நோய், அரிய தொழில், சிறிய ஊர் ஆகியவை சேர்ந்தால் எண்ணவே தேவையில்லை, ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும். படங்களில் ஒட்டியிருக்கும் ஜிபிஎஸ் இடக்குறிப்பு, வேர்டு கோப்பில் மறைந்திருக்கும் திருத்தங்கள், எக்செலில் மறைத்து வைத்த தாள் என இவை வழியாகவும் கசியும்.

‘ஏற்கெனவே பொதுவெளியில் இருந்ததுதானே’ என்பது சாக்காகாது. 2016-இல் ஓகேகியூபிட் என்ற துணை தேடும் தளத்தின் சுமார் 70,000 பயனர்களின் விவரங்களைத் திரட்டித் திறந்த களஞ்சியத்தில் போட்டவர்கள் இதைத்தான் சொன்னார்கள். கடும் எதிர்ப்புக்குப் பிறகு பதிவு நீக்கப்பட்டது. பங்கேற்பாளர்களிடம் வாங்கிய ஒப்புதல் படிவத்தில் பகிர்வு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் எல்லை. அதில் இல்லையென்றால், மீதரவையும் (தரவைப் பற்றிய விவரங்களையும்) தரவு அகராதியையும் மட்டும் திறந்து வைத்து, கோப்புகளை அனுமதி பெற்றே பார்க்கும்படி வையுங்கள். எந்த நிபந்தனையில் தருவீர்கள், யார் முடிவெடுப்பார், எத்தனை நாளில் பதில் வரும் என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அது மறுபடியும் ‘ஆசிரியரைத் தொடர்பு கொள்ளவும்’ ஆகிவிடும்.

உழைத்தவர் பெயரை விடுவது

கட்டுரையில் ஐந்து பெயர், தரவுப் பதிவில் பேராசிரியர் பெயர் மட்டும். கூட்டாய்வு முறிய இதைவிட வேகமான வழி தெரியவில்லை. தரவைச் சேகரித்தவர், சுத்தம் செய்தவர், நிரல் எழுதியவர் எல்லோரையும் ஏற்றுவதற்கு முன்பே பட்டியலிடுங்கள். யார் எதைச் செய்தார் என்று சொல்ல கிரெடிட் என்ற 14 பங்களிப்பு வகைகள் உள்ளன. ஒவ்வொருவருக்கும் ஆர்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண்ணைச் சேர்த்தால் ஒரே பெயர்க்காரர்கள் கலந்துபோகமாட்டார்கள். தலைப்பெழுத்து முன்னும் பின்னுமாக மாறி வரும் நம் பெயர்களுக்கு இது மிகவும் தேவை. பதிவின் மீதரவில் ‘தொடர்புடையவை’ என்ற இடத்தில் கட்டுரையின் டிஓஐயையும், கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் தரவின் டிஓஐயையும் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் தேடுபொறிகள் இரண்டையும் இணைக்காமல் போகலாம்.

தொடர்புக்கு மாணவரின் கல்லூரி மின்னஞ்சலை மட்டும் கொடுக்க வேண்டாம். குழுவுக்குப் பொதுவான முகவரி இருந்தால் அது.

வெளியிடும் நாளில்

கட்டுரையில் போடுவதற்காக டிஓஐயை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளும் வசதி ஜெனோடோ போன்ற இடங்களில் இருக்கிறது. ஒதுக்கிய எண், பதிவை வெளியிடும்வரை வேலை செய்யாது. கட்டுரை அச்சாகி, பதிவு மட்டும் வரைவாகவே கிடப்பது வியப்புக்குரிய அளவுக்குச் சாதாரணம். வாசகருக்குக் கிடைப்பது ‘டிஓஐ காணவில்லை’ என்ற பக்கம். உங்களுக்கு மட்டும் பதிவு தெரியும், ஏனென்றால் நீங்கள் உள்நுழைந்திருக்கிறீர்கள்.

வெளியிடுவதற்கு ஒரு வாரம் முன்பு, திட்டத்தில் சம்பந்தப்படாத ஒருவரிடம் கோப்புகளைக் கொடுத்து, அவர் கணினியில் ஒரே ஓர் அட்டவணையை மறுபடி உருவாக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கக் கூடாது. ‘இந்தக் கோப்புறை என் கணினியில் இல்லையே’, ‘இந்தப் பத்தி என்ன’ என்று அவர் கேட்பதையெல்லாம் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பதிலை ரீட்மீயில் சேருங்கள். கட்டுரை வெளியான அன்று, உள்நுழையாத உலாவியில் இணைப்பைச் சொடுக்கி, கோப்பை இறக்கி, களஞ்சியம் காட்டும் செக்சம் (கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் குறி) மதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.