கூட்டம் முடிந்த பிறகு செய்ய வேண்டியவை: வன்னியில் சிறு குழு நடத்துபவர்களுக்கு

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு வன்னியில் எத்தனையோ சிறு குழுக்கள் உருவாகிவிட்டன. பதாகை எழுத, பந்தல் போட எல்லோருக்கும் தெரியும். ஆட்கள் வீடு திரும்பிய பிறகு அவர்களோடு எப்படிக் கதைப்பது, அவர்கள் சொன்னதை எங்கே வைப்பது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. நான் பிழைவிட்டுப் படித்ததை எழுதுகிறேன்.

1. அன்றைக்கே, அல்லது மறுநாள்

இந்தச் சந்திப்பில் போராட்டத்துக்கோ பொலிஸ், புலனாய்வு விசாரணைக்கோ போனவர், கேட்டு எழுத ஒருவர், தேவையென்றால் மூன்றாவதாக ஒருவர். அதற்கு மேல் வேண்டாம். போன்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

2. முதலில் தேத்தண்ணி

நாலு மணித்தியாலம் கேள்வி கேட்கப்பட்டு வந்த அம்மாவால் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. முன்னுக்குப் பின் சொல்லட்டும், இடைமறிக்காதீர்கள். பிறகு மூன்றே கேள்விகள்: "உங்களிட்ட என்ன கேட்டவை?", "அவைக்கு முதலே என்ன தெரிஞ்சிருந்தது?", "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

நடுக் கேள்விதான் முக்கியம். நாலு பேர் மட்டும் கதைத்த விடயம் அவர்கள் கேள்வியில் வந்தால், தகவல் எங்கோ கசிந்திருக்கிறது. ஆனால் "யார் சொன்னது?" என்று அந்த இடத்திலேயே தேடத் தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கிய அன்றோடு எங்கள் பழைய குழு இரண்டாகப் போனது. கசிந்தது ஒரு தாளிலிருந்து என்பது பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்று. காணாமல் போன பிள்ளையின் கதையைத் திரும்பக் கேட்காதீர்கள். 2010இல் அரசாங்கம் அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, 2013இல் காணாமல் போனோரை விசாரிக்க அமைத்த பரணகம ஆணைக்குழு, அதன் பிறகு காணாமல் போனோர் அலுவலகம் என்று அந்த அம்மாமார் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இன்று நடந்தது மட்டும் போதும்.

3. எழுதுவது ஒரு பக்கம்

திகதி, நேரம், இடம், எழுத்தில் அழைப்பு வந்ததா, வாய்மொழியாகவா, கேட்ட கேள்விகள். பெயருக்குப் பதில் ஓர் எழுத்து. எந்த எழுத்து யார் என்ற தாள் வேறு வீட்டில். உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட, மீறல் நடந்ததிலிருந்து அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாதம்தான் தருகிறது. அதனால் திகதியும் நேரமும் பிழைக்கக் கூடாது. குரல் பதிவு வேண்டாம், குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

4. கூட்டத்துக்கு வந்தவர்களின் வரவுத் தாள்

நான் விழுந்த இடம் இதுதான். செலவுக் கணக்குக்காகப் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், கையெழுத்து எல்லாம் ஒரே தாளில் எடுத்தோம். அந்தத் தாளைப் படமெடுத்து குழுவின் வட்ஸ்அப்பில் போட்டவன் நான். பத்து நாள் கழித்து ஓர் அம்மாவின் வீட்டு வாசலில் சிவில் உடுப்பில் இரண்டு பேர். அவர்கள் கையிலிருந்த துண்டில் அவவின் அட்டை இலக்கமும், எங்கள் தாளில் நாங்கள் பிழையாக எழுதியிருந்த அதே முகவரியும் இருந்தன.

புதிய 12 இலக்க அடையாள அட்டையின் முதல் நான்கு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பெயரை அடித்துவிட்டு இலக்கத்தை விட்டால் வயதும் பிறந்த நாளும் பெண் என்பதும் அப்படியே இருக்கிறது.

படத்தை அழித்தேன். ஆனால் எல்லோருடைய போனிலும் கலரிக்குள் (படங்கள் சேரும் இடத்துக்குள்) அது முதலே இறங்கியிருந்தது. மூன்று மாதத்தின் பின் என்னுடைய கூகிள் போட்டோஸே அதைப் பழைய நினைவாக எடுத்துக் காட்டியது. ஆகவே இப்போதே செய்யுங்கள்: வட்ஸ்அப் அமைப்புகளில் படங்கள் கலரியில் சேர்வதை நிறுத்துங்கள். கூகிள் போட்டோஸ் தானாகச் சேமிப்பதை நிறுத்துங்கள். அங்கே அழித்தாலும் சேமிக்கப்பட்ட படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், அதையும் வெறுமையாக்குங்கள்.

இப்போது எங்களிடம் இரண்டு தாள். கணக்குக்குப் போவதில் வரிசை எண்ணும் கையெழுத்தும் மட்டும், மற்ற விபரம் அடுத்த தாளில். நிதி தருபவர் முழு விபரம் கேட்டால், தாளைக் கொடுக்காமல் நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் கேட்டோம், ஒத்துக்கொண்டார்கள்.

5. எந்தச் செயலி

சிக்னல்தான். செய்தி தானாக அழிய ஒரு வாரம் வையுங்கள். படம் அனுப்பும்போது முகத்தை மங்கலாக்கும் வசதி அதற்குள்ளேயே உண்டு. வட்ஸ்அப்பைக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று அறிவிக்க மட்டும் பாவிக்கிறோம். போனின் கைரேகைப் பூட்டை எடுத்துவிட்டு ஆறு இலக்க எண் போடுங்கள். விரலைப் பிடித்து அழுத்த ஒரு நொடி போதும்.

பிறகு சேர்த்தது: மல்லாவிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா, "பட்டன் போன் வைத்திருக்கிற அம்மாமாருக்கு என்ன செய்வது அண்ணா?" என்று. குறுஞ்செய்தியைத் தொலைபேசி நிறுவனம் வாசிக்க முடியாதபடி மறைக்கும் வசதி (மறைகுறியாக்கம்) இல்லை, சிம்மும் அடையாள அட்டையில்தான் பதிவாகியிருக்கிறது. அதில் விடயம் எதுவும் அனுப்ப வேண்டாம். எங்கள் குழுவில் அப்படி ஆறு பேர் இருக்கிறார்கள். ஒரு தம்பி பின்னேரம் சைக்கிளில் போய் வாயால் சொல்லிவிட்டு வருகிறான்.