கெட்ட செய்தி முதலில் உங்களிடம் வர வேண்டுமானால்

ஒரு தொழிற்கூடத்தில் நேர்மை நிலவுகிறதா என்று அறிய ஆண்டறிக்கையைப் புரட்ட வேண்டியதில்லை; இரவு ஷிப்டில் நடந்த தவறு காலையில் மேலாளருக்கு யார் வழியாகத் தெரியவருகிறது என்று பார்த்தால் போதும். தவறு செய்தவரே வந்து சொன்னால் அங்கே நம்பிக்கை உண்டு. அவருக்கு வேண்டாத ஒருவர் காதில் போட்டால் இல்லை. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் மூன்றாவது வழியும் உண்டு. உப்பனாற்றங்கரை ஆலைகளைச் சுற்றி வாழும் ஊர்மக்கள், தங்கள் மூக்கில் ஏறும் இரசாயன வாடைகளை 2004 முதல் குறித்துவைத்து அதிகாரிகளிடம் முறையிட்டு வந்திருக்கிறார்கள். தம் ஆபரேட்டர் சொல்லாததை ஊரார் சொல்லித் தெரிந்துகொள்ளும் மேலாளரின் நிலை பரிதாபமானது.

இதை மாற்ற விரும்புகிறவர், கெட்ட செய்தியைக் கேட்டதும் தம் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தை முதலில் மாற்ற வேண்டும். 'யார் செய்தது?' என்று தொடங்கினால், அடுத்த முறை செய்தி வராது. 'யாருக்காவது அடிபட்டதா? இப்போது வால்வு மூடியிருக்கிறதா?' என்று தொடங்கி, நடந்ததை முழுவதும் கேட்டு, சொன்னவருக்கு மற்றவர் முன்னிலையிலேயே நன்றி கூறிய பிறகுதான் காரணத்தை விசாரிக்க வேண்டும். எரிச்சலை முகத்தில் காட்டாமல் இருப்பது எளிதன்று. ஆயினும் மேலாளரின் முகத்தைத்தான் ஆலை முழுவதும் படிக்கிறது.

அடுத்ததாக, பிழையையும் மறைப்பையும் பிரிக்கும் ஒரு விதியைத் தமிழில் எழுதி, கையொப்பமிட்டு ஒட்டுங்கள். அதே ஷிப்டுக்குள் தாமாக முன்வந்து தெரிவித்தவருக்கு மெமோ கிடையாது. லாக் புக்கில் பொய்யாக எழுதியவருக்கும், குடித்துவிட்டுப் பணிக்கு வந்தவருக்கும், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே துண்டித்தவருக்கும் உண்டு. எழுதிய விதியை மூத்த பொறியாளருக்காக ஒருமுறை வளைத்தாலும், அச்செய்தி கேண்டீனில் மதிய உணவுக்கு முன்பே பரவிவிடும்.

ஒப்பந்தத் தொழிலாளரைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டும். நிரந்தரப் பணியாளருக்குத் தொழிற்சங்கமாவது இருக்கிறது. வாய் திறந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு மறுநாள் கேட் பாஸ் கிடைக்காமல் போனால், அதை யாரும் தண்டனை என்று பதிவுசெய்வதுகூட இல்லை. எனவே அவர்களின் புகார் காண்டிராக்டர் வழியாக வராமல் நேரே பாதுகாப்பு அலுவலரை அடைய வேண்டும். புகார் அளித்தவரை அடுத்த மூன்று மாதங்களுக்குள் நீக்குவதானால் மேலாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை என்பதை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். பெரும்பாலான ஆலைகள் தவறவிடும் இடம் இதுதான்.

போபால் பேரழிவுக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டபோது, அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றும், உடனடி ஆபத்து உண்டென்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்கும், அதே வேளையில் அரசின் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்றும் சேர்க்கப்பட்டது. அத்தகைய குழுவை வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் சடங்காக நடத்தாமல், சென்ற கூட்டத்தில் எழுந்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் பதிலளித்து இந்தக் கூட்டத்தைத் தொடங்குங்கள். 'இவ்வாண்டு செய்ய இயலாது, காரணம் இது' என்பதும் மதிப்புள்ள பதிலே. ஆலோசனைப் பெட்டிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவற்றின் சாவி எங்கே என்று கேட்டால் பல அலுவலகங்களில் விழிப்பார்கள்.

பணத்திலும் இதே ஒழுங்கு வேண்டும். போனஸ் குறையும் என்றால் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அல்ல, தெரிந்த நாளிலேயே கணக்கோடு சொல்லிவிடுங்கள்.

இறுதியாக, வாயிலில் தொங்கும் 'விபத்தில்லா நாட்கள்' பலகையைக் கவனியுங்கள். அந்த எண்ணுக்குப் பரிசு அறிவித்தால், விரலில் அடிபட்டவர் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்வார், சூப்பர்வைசரும் கண்டுகொள்ளமாட்டார். அதற்குப் பதிலாக, அந்த மாதம் தெரிவிக்கப்பட்ட மயிரிழையில் தப்பிய நிகழ்வுகள் எத்தனை, அவற்றுள் சரிசெய்யப்பட்டவை எத்தனை என்று எழுதுங்கள். தொடக்க மாதங்களில் முதல் எண் ஏறும். தலைமை அலுவலகம் அதைக் கண்டு கலங்கக்கூடும் என்பதால், ஏறுவதற்கான காரணத்தை அவர்களுக்கு முன்கூட்டியே கடிதமாக எழுதி அனுப்பிவிடுங்கள்.